பேரு வராதுங்களே

கதவைச் சாத்திவிட்டார்கள். சாத்துவதற்கு முன் ஹெப்சிபா மேடம் என்னை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இனி உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யலாம், அதற்குத்தானே இத்தனை வருடம் படித்தேன், வேலை செய்கிற இடத்தில் மனிதர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று. மேடத்தின் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. துறைத் தலைவரின் அறைக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்: என் கைடு ஹெப்சிபா மேடம், துறைத் தலைவர், வெளியூரிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர். எனக்கு முனைவர் பட்டம் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் பேசி முடிக்கிற வரை நான் இந்த வராந்தா பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பக்கத்துக் கருத்தரங்கு அறையில் மற்ற எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு டீயும் தின்பண்டமும் வாங்கி வைப்பது படிக்கிறவர் பொறுப்பு என்று எந்த விதியிலும் எழுதவில்லை, ஆனால் வாங்காமல் யாரும் பட்டம் வாங்கியதாகக் கேள்விப்பட்டதும் இல்லை. என் கணவர் நந்தகோபால் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் ஓடுவது போல மைசூர்பா தட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகத் தெரிகிறது. நல்ல மனுஷன். இவருக்கு நான் எப்படி நன்றி சொல்லப் போகிறேன், தீசிஸின் நன்றியுரையில் கடைசிக்கு முந்தின பத்தியில் அவர் பெயரைப் போட்டிருக்கிறேன், அது ஒரு நன்றியா. ஆனாலும் பெயரைப் போட்டிருக்கிறேன். போட முடிந்தது. போட முடியாத பெயர் ஒன்று அதே அறையில் கடைசி வரிசையில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறது.

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். வைவா என்றால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பொதுவில்தான் நடத்துவார்கள், அழைப்பிதழை நான் ஆராய்ச்சி செய்த பஸ் டிப்போவுக்கும் அனுப்பினோம், அதை டிப்போ மேனேஜர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார். மேனேஜரே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த பெரிய மனிதர், அவருக்கு மரியாதை செய்ய வேண்டாமா என்று மேடம்தான் கூப்பிட்டார். நான் எழுந்து கணினியில் முதல் படத்தைப் போட்டபோது கடைசிக் கதவு திறந்தது. காக்கி. தோளில் கண்டக்டர் பை இல்லை, டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் ஓடி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார், நம்ம அம்மணி மேடையிலே நிற்குது என்கிற சந்தோஷம் முகம் முழுக்க. நான் பார்க்காதது மாதிரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பாதி தூக்கின கை அப்படியே நின்று, பிறகு தலையைத் தடவிக்கொண்டு இறங்கியது. ஐயோ. என்ன செய்வது, மேனேஜர் என் கண் போகிற இடத்தையெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தெரிந்தது போல ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் போதும், யார் அது என்று மேனேஜர் பார்த்திருப்பார், நாளைக்கு டிப்போவில் கூப்பிட்டு, ஏம்பா உன்னைத்தான் அந்தப் பொண்ணு நிறையப் பேட்டி எடுத்துச்சா என்று கேட்டிருப்பார். அதற்குத்தான் பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு அது எப்படித் தெரியும்? படிப்பு முடிந்ததும் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறாள் என்றுதானே தோன்றும். எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும்.

பதினேழு. மனசுக்குள்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். பேட்டி கொடுத்தவர்களுக்கெல்லாம் எண் கொடுத்தோம், அவர் பதினேழாவது ஆள். பெயரை நினைத்தால் என்றைக்காவது வாயில் வந்துவிடும் என்று பயந்து நினைப்பிலேயே எண்ணைப் பழக்கிக்கொண்டேன். வீட்டில் நந்துவிடம்கூட, இன்னைக்குப் பதினேழு வண்டியில போனேன் என்றுதான் சொல்வேன், அவரும் பதினேழாம் நம்பர் பஸ் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். என் ஆராய்ச்சி கண்டக்டர்களைப் பற்றியது. சில்லறை இல்லை என்று கத்துகிறவர், படியில் தொங்குகிறவர், ஸ்டாப் தாண்டிவிட்டதே என்று சண்டைக்கு வருகிறவர், இவர்கள் எல்லோரிடமும் ஒரு கண்டக்டர் முகத்தைச் சுளிக்காமல் பேச வேண்டும். உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும்போது வெளியே சிரிப்பது ஒரு வேலை, டிக்கெட் கொடுப்பது மாதிரி அதுவும் வேலைதான், ஆனால் அதற்குச் சம்பளத்தில் கணக்கு இல்லை. அந்தச் சிரிப்பு ஆளை என்ன செய்கிறது என்பது என் கேள்வி. மின்விசிறி தலைக்கு மேல் டொக் டொக் என்று சத்தம் போடுகிறது. இந்த விசிறிக்கும் நன்றி, மே மாசத்தில் இதுவாவது ஓடுகிறதே. இன்றைக்கு யாரைப் பார்த்தாலும் நன்றி சொல்லிவிடுவேன் போலிருக்கிறது, தேர்வாளரைத் தவிர. இல்லை, அவருக்கும்தான், பாவம், ராத்திரி ரயிலில் வந்தவர், நானூறு பக்கத்தையும் படித்திருக்கிறார், அடிக்குறிப்புகூட விடவில்லை. படித்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். படிக்காமல் வந்திருந்தால் இந்நேரம் நான் டாக்டர் ரேணுகா.

முதலில் ஃபாரம்தான் கொடுத்தேன். நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒன்று, முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்றால் ஐந்து. டிப்போ ஓய்வறையில் கட்டோடு போய் நின்றேன், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஒருவர் அதை வாங்கி விசிறிக்கொண்டார். அப்போது மூலையில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏனுங் அம்மணி, காலேசுப் பரிட்சைங்களா? குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அடுத்த வாரம் போனால் ஒரு ஃபாரம் குறையாமல் அடுக்கி, பழைய சணல் கயிற்றில் கட்டி வைத்திருந்தார். எனக்கு ஆனந்தக் கண்ணீர். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஐந்து. எல்லாம் ஐந்து. 'பயணிகளிடம் எனக்கு எரிச்சலே வருவதில்லை', ஐந்து. 'பயணிகளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது', ஐந்து. 'ஓய்வு பெறும் வரை இந்த வேலையில்தான் இருப்பேன்', ஐந்து. 'வேலையை விட்டுவிடலாமா என்று அடிக்கடி யோசிக்கிறேன்', அதற்கும் ஐந்து. கவனமில்லாமல் நிரப்புகிறவர்களைப் பிடிக்கத்தான் இப்படி எதிரும் புதிருமான வாக்கியங்களை வைப்போம். ஒரு டிப்போ முழுக்கப் பிடிபட்டுவிட்டது. ஓடிப் போய்க் கேட்டேன். பெருமையாகச் சிரித்தார். "நான்தானுங்க எல்லாருத்துகிட்டயும் சொன்னேன். அஞ்சுதான பெரிய மார்க்கு? ஒண்ணு ரெண்டுன்னு போட்டு அம்மணி பெயிலாப் போச்சுன்னா? சண்முகம் ஒரு எடத்துல மூணு போட்டு வெச்சிருந்தான், நானே அடிச்சு அஞ்சாக்கிப் போட்டேன்." ரொம்ப நன்றிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

ஆராய்ச்சி மாணவர் அறையில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஒருத்தி நல்ல மனசோடுதான் சொன்னாள், காந்திபுரத்தில் ஒரு ஆள் இருக்கிறார், எந்த முடிவு வேண்டும் என்று சொன்னால் போதும், அதற்குத் தகுந்த மாதிரி எண்களை நிரப்பிக் கொடுத்துவிடுவார், யாருக்கும் தெரியாது என்று. அந்த ஆளின் போன் நம்பரை வாங்கிக்கொண்டுகூடப் போனேன். மேடம் அறைக்குப் போய்க் கட்டைப் பிரித்து வைத்ததும் மேடம் பத்துப் பதினைந்து தாளைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார், சிரிக்க ஆரம்பித்தார். நாகர்கோவில்காரர்கள் சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். "பிள்ளே, இது டேட்டா இல்ல கேட்டியா. உனக்கு மொய் எழுதியிருக்காவ" என்றார். ஒரு வருஷம் போச்சே மேடம் என்றேன். "போவட்டும். ஊர் பூரா அஞ்சு போட வைக்க ஒரு மனுசன் உனக்காவ நடந்திருக்கான்லா. எனக்கெல்லாம் ஒருத்தனும் நடந்ததில்ல. தாளை வச்சிட்டுப் போயி அந்த ஆளுக்க வண்டியில ஏறி இரு." எரிச்சலாக வந்தது அப்போது. இவருக்கென்ன, சம்பளம் வாங்குகிறவர், எனக்கு வயசு முப்பத்து மூன்று, மாமியார் வீட்டில் இன்னும் எத்தனை நாள் படிப்பாள் என்று கேட்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படி இறங்கினேன். இன்றைக்கு நினைத்தால் காலில் விழலாம் போல இருக்கிறது. அந்த நம்பரை மட்டும் அன்றைக்கு யாராவது எனக்காக டயல் செய்து கொடுத்திருந்தால் நான் பேசியிருப்பேன், சத்தியமாகப் பேசியிருப்பேன். நாற்பது வாக்கியங்களுக்கு அழகழகான எண்கள் வந்திருக்கும், இன்றைக்கு எந்தத் தேர்வாளரும் என்னை எதுவும் கேட்டிருக்க மாட்டார்.

உள்ளே யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். எழுந்துவிட்டார்களா. இல்லை. தேர்வாளரின் குரல் மட்டும் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை, ஏறி இறங்குகிறது, மேடம் குரல் இல்லை. மேடம் ஏன் பேசாமல் இருக்கிறார். மேடம் சொன்னபடியே அப்புறம் பதினேழின் வண்டியில் ஏறினேன். உக்கடத்திலிருந்து துடியலூர், துடியலூரிலிருந்து உக்கடம், கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கூட்டம் குறைகிற இடங்களில் கேட்பேன், அவர் சொல்வார், நடுவில் விசில் ஊதுவார், "உள்ள போங்க உள்ள போங்க, படியில நிக்காதீங்க கண்ணு" என்பார், விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அவர் பார்த்து மற்றவர்களையும் பேச வைத்தார். எல்லோரும் பேசிய பிறகுதான் அவர் தன்னைப் பற்றிப் பேசினார், அதனால்தான் பதினேழு. துடியலூரில் வண்டி திரும்புவதற்கு நின்றிருந்தது, உள்ளே நாங்கள் இருவர் மட்டும், அப்போதுதான் தனக்கு நடந்ததைச் சொன்னார். ஒரு காலேஜ் பையன் பெரிய நோட்டை நீட்டியிருக்கிறான், சில்லறை இல்லை, இறங்கும்போது தருகிறேன் என்றிருக்கிறார். பையன் டிக்கெட்டைக் கசக்கி இவர் முகத்தில் எறிந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துச் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியிருக்கிறார். எதற்கு வம்பு, புகார் எழுதிக் கொடுத்தால் உனக்குத்தான் கஷ்டம், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போ என்று செக்கிங் சொல்ல, இவர் அந்தப் பையனிடம் மன்னிச்சுக்கோங்க தம்பி என்றிருக்கிறார். வண்டியே சிரித்திருக்கிறது. "அவிய சிரிச்சது பெருசில்லீங் அம்மணி. கூட நானும் சிரிச்சேன் பாருங்க. சிரிச்சுட்டே ரைட்டு குடுத்தேன். அன்னைக்கு வீட்ல சோறு எறங்கலீங்க." ஊட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரியாது என்றார். டிப்போவில் தெரிந்தால் ஆளுக்கு ஆள் அதையே பேசுவார்கள், மேனேஜர் காதுக்குப் போனால் செக்கிங்கைப் பற்றி வெளியே சொன்னதற்கு விளக்கம் கேட்பார் என்றார். பிறகு, "எழுதிக்கோங்க. ஆனா எம்பட பேரு வராதுங்களே?" என்றார். வராதுங்க என்றேன். மறுபடியும் கேட்டார். சத்தியமா வராதுங்க என்றேன்.

தானும் சிரித்ததைப் பற்றி அவர் சொன்ன அந்த மூன்று வரிதான் என் நான்காவது அத்தியாயம். மிச்சமெல்லாம் அட்டவணை. மற்றவர்கள் சொன்னதையும் அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது, அடுத்தவர் அவமானப்படுத்துவது ஆளைக் களைப்பாக்கும், ஆனால் அந்த அவமானத்துக்குத் தானும் சேர்ந்து சிரித்ததுதான் ஆளைத் தின்கிறது. ஒலிப்பதிவுகளை எழுத்தில் ஏற்றியதும் அழித்துவிட்டேன், அப்படித்தான் அவர்களிடம் ஒப்பந்தம். தேர்வாளர் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்துக்கொண்டார். இது யார் என்றார். பதினேழு என்றேன். அது தெரிகிறது, ஆள் யார். சொல்ல முடியாதுங்க சார். டிப்போ மேனேஜர் இங்கேயே இருக்கிறாரே, இப்படி ஒன்று நடந்ததா என்று அவரைக் கேட்டுவிடலாமே. வேண்டாங்க சார். எனக்கு மட்டும் தனியாகச் சொல்ல முடியுமா? முடியாதுங்க சார். பதிவும் இல்லை, பெயரும் இல்லை, அப்படியென்றால் இந்த மூன்று வரியை நீங்களே உட்கார்ந்து எழுதவில்லை என்று நான் எப்படி நம்புவது? நியாயமான கேள்வி. காந்திபுரத்து ஆட்களைப் பார்த்துப் பார்த்து நொந்துபோன மனிதர் கேட்கிற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு முறை இருக்கிறது, புத்தகங்களின் பெயர்களைச் சொல்லி, நெறிமுறைக் குழுவின் அனுமதியைச் சொல்லி, பணிவாகச் சொல்லலாம். நான் சொன்னது, "நம்பித்தான் ஆகணுங்க சார்." வாய் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நந்து தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். கடைசி வரிசையில் காக்கி அசைந்தது. அவர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார். வேண்டாம், உட்காருங்க, கடவுளே உட்காருங்க என்று வாயைத் திறக்காமல் கத்தினேன். மேடம் சட்டென்று, வேறு கேள்வி இருக்கிறதா என்றார். அவர் உட்கார்ந்தார். தேர்வாளர் பேனாவை மூடி, நீங்கள் வெளியே இருங்கள் என்றார்.

கொடுக்க மாட்டார்கள். ஆறு மாசம் கழித்து வா என்பார்கள், அந்த அத்தியாயத்தை எடு என்பார்கள். எடுத்தால் ஒன்றுமே இல்லை. எடுக்காவிட்டால் பட்டம் இல்லை. அப்பாவுக்கு என்ன சொல்வது, காலையிலேயே ஃபோனில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். சரி, வராவிட்டால் போகட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன், மனசு ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு அந்தப் பட்டம் வேண்டும், வெட்கமே இல்லாமல் வேண்டும். ஆனாலும் ஒரு ஆச்சரியம், இவ்வளவு பயத்துக்கு அடியிலும் நிம்மதியாக ஒன்று இருக்கிறது. கேட்டார், சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்டாலும் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு இடத்தில் அசையாமல் நிற்கிற ஆளாக நான் என்றைக்கும் இருந்ததில்லை, மாமியார் கேட்டால்கூட எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவள்தான். ஊருக்கு முன்னால் இந்த மனிதருக்கு என்ன செய்ய முடிந்தது என்னால்? முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது, பெயரைச் சொல்லாமலிருக்க முடிந்தது. உலகத்தில் இப்படியும் ஒரு நன்றி உண்டா. உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணா, கோபமா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. போக முடியாது. மேனேஜர் மைசூர்பா தின்றுகொண்டிருக்கிறார்.

கதவு திறந்தது. மேடம்தான். "வா பிள்ளே" என்றார், அவ்வளவுதான், மறுபடி அந்த முகம், எதையும் காட்டாத முகம். மூவரோடும் கருத்தரங்கு அறைக்குள் நடந்தேன், டீக் கோப்பைகள் கீழே வைக்கப்படுகிற சத்தம், எல்லோரும் உட்கார்கிறார்கள். தேர்வாளர் மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். ஒலிப்பதிவுகளை ஏன் அழித்தார் என்று விளக்கி ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்கிறார். வாக்குக் கொடுத்ததால் என்று அதில் வெளிப்படையாகவே எழுதட்டும் என்கிறார். அந்தத் திருத்தத்தோடு முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்கிறார். கைதட்டல் என் காதில் மழை மாதிரி விழுகிறது, நந்து கண்ணைத் துடைக்கிறார், மேடம் இப்போதுதான் சிரிக்கிறார், அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நன்றி சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம், பெரியவர்களில் தொடங்கி வரிசையாக வர வேண்டும். நிர்வாகத்துக்கு நன்றி. துறைத் தலைவருக்கு, தேர்வாளருக்கு, என் கைடுக்கு நன்றி. அனுமதி கொடுத்த டிப்போ மேனேஜருக்கு. அப்பா அம்மாவுக்கு, என் கணவருக்கு. அப்புறம், டிப்போ ஊழியர்கள் அனைவருக்கும் என்றேன். அனைவருக்கும். சொல்லிவிட்டு மைக்கைக் கொடுக்க மனசில்லாமல் நிற்கிறேன், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன், எல்லோரும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நானு ஒண்ணு சொல்லலாமுங்களா?" கடைசி வரிசை. எழுந்து நின்றுவிட்டார், இந்தத் தரம் முழுசாக. எல்லாத் தலைகளும் திரும்பின, மேனேஜர் தலையும். சொல்லப் போகிறார், பதினேழு நான்தான் என்று சொல்லப் போகிறார், எல்லாம் போச்சு. "எம்பட பேரு மருதாசலமுங்க. இதே டிப்போ கண்டக்டர். இந்த அம்மணி மொதல்ல ஃபாரம் குடுத்துச்சுங்க. நான்தானுங்க எல்லாருத்தையும் அஞ்சு அஞ்சாப் போடச் சொன்னது. மார்க்குனு நெனச்சுப்போட்டேன். அம்மணிக்கு ஒரு வருசம் வீணாப் போயிருச்சு. இத்தன நாளா ஒரு வார்த்த கோவமாச் சொல்லலீங்க. அதச் சொல்லோணும்னுதான் வந்தேன்." அறையே சிரித்தது, மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், நம்ம மருதாசலமா என்றார். அந்தச் சிரிப்பின் நடுவே அவர் நேராக என்னைப் பார்த்தார். இதற்காகத் தன் பெயரைச் சொல்லலாம் என்று அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறார். மற்றது எங்கள் இருவரோடும் இருக்கும். நான் மைக்கை மறுபடி வாய்க்குக் கிட்டே கொண்டுபோனேன். இரண்டு வருஷமாக நினைப்பில்கூட அனுமதிக்காத பெயர் நாக்கில் புதுசாக இருந்தது, எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மருதாசலம் அண்ணாவுக்கு நன்றி.